ஆலா: பரவைத் தீவுகளின் கப்பல் விமானம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரவைத் தீவுகள் என்ற நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாயனசாலையில் (நூலகத்தில்) ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பிள்ளைகளும் நானும் சேர்ந்து உண்டாக்கிய நாடு அது. முதலில் தீவுகளை வரைந்தோம். துறைமுகங்களுக்குப் பெயர் வைத்தோம், மீன்பிடி எல்லைக்குக் கோடு போட்டோம். அப்புறம் அந்த நாட்டுக் கடற்படைக்கு ஒரு விமானம் தாங்கிக் கப்பல் வந்தது. அந்தக் கப்பலிலிருந்து பறக்கும் பல்பணிப் போர் விமானம்தான் ஆலா.

எங்களுக்கு ஒரே ஒரு விதி: நாடு கற்பனையாக இருக்கலாம், எடையும் காற்றும் வேகமும் உப்பும் கற்பனையாக இருக்கக் கூடாது. ஆலாவின் அளவுகள் எல்லாம் நாங்கள் வைத்தவை. பிற கப்பல்கள், விமானங்கள் பற்றி இங்கே சொல்லியிருப்பது நிஜம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள, தமிழக எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஏனுங்க மாஷே (வாத்தியாரே), பனையும் தென்னையும் இருக்கற ஊர்ல உட்கார்ந்துட்டு எதுக்குங்க கப்பல் விமானம்?

ஐ.என்.எஸ். விக்ராந்த் எங்கே கட்டப்பட்டது என்று திருப்பிக் கேட்பேன். கொச்சியில். இங்கிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணம். 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை போட்டு, 2013 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கி, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்த்த கப்பல் அது. 262 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், எடை 40,000 டன்னுக்கு மேல். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் விமானம் தாங்கிக் கப்பல். நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் இடங்களில் கொச்சி கப்பல் கட்டும் தளமும் ஒன்று. கடல் நம் ஊரில் இல்லைதான். கடல் வேலை நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பரவைத் தீவுகள் மாதிரி சின்ன நாட்டுக்குக் கப்பலிலிருந்து பறக்கும் விமானம் ஏன்?

நாட்டின் வடிவம்தான் காரணம். எங்கள் வரைபடத்தில் வடக்குத் தீவுக்கும் தெற்குத் தீவுக்கும் நடுவே 900 கிலோமீட்டர் கடல். போர் விமானம் இறங்கக்கூடிய நீளமான ஓடுதளம் இரண்டு தீவுகளில் மட்டுமே உண்டு. நடுக்கடலில் மீன்பிடிப் படகுகளுக்குத் தொல்லை என்றால், வடக்குத் தீவிலிருந்து கிளம்பும் விமானம் போய்வரவே எரிபொருளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரும்பத்தான் முடியும். ஓடுதளத்தையே அங்கே கொண்டுபோனால் அதே விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காவல் நிற்கும்.

இதில் ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறோம். பரவையிடம் இருப்பது ஒரே கப்பல். அது பழுது பார்க்க உலர்துறைக்குள் போனால் பல மாதம் வெளியே வராது. அந்த மாதங்களில் ஆலாக்கள் அந்த இரண்டு நிலத்து ஓடுதளங்களிலிருந்துதான் பறக்க வேண்டும். கடலில் ஒரு கப்பல் எப்போதும் நிற்க வேண்டும் என்றால் இரண்டோ மூன்றோ கப்பல் வேண்டும் என்று பெரிய கடற்படைகளே சொல்கின்றன. பரவையின் நிதியமைச்சர் இதற்குச் சம்மதிக்கவில்லை. நிதியமைச்சராக இருப்பது எட்டாம் வகுப்புப் பெண். வரவு செலவில் மிகவும் கறார்.

தரையிலிருந்து பறக்கும் நல்ல விமானம் ஒன்றை எடுத்து, வாலில் கொக்கி மாட்டிவிட்டால் போதாதா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஆலாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பதிலே போதும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தரையில் இறங்கும் விமானி கடைசி நொடியில் மூக்கைச் சற்றுத் தூக்கி, விமானத்தை மெதுவாகத் தரையில் வைப்பார். கப்பலில் அப்படிச் செய்ய முடியாது. விமானத்தின் வால் கொக்கி பிடித்து நிற்பதற்காகத் தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டியிருக்கும்; மெதுவாக வைக்கப் போனால் விமானம் அவற்றைத் தாண்டி மிதந்து போய்விடும். ஆகவே சுமார் மூன்றரை டிகிரி சரிவில் வந்து, அதே சரிவில் மேல்தளத்தில் மோதுவதுதான் முறை. ஆலாவின் கணக்கில் அது நொடிக்கு மூன்றரை மீட்டர் கீழிறங்கும் வேகம். அதே நேரத்தில் அலையால் கப்பலின் பின்பக்கம் மேலே எழுந்து வந்தால் மோதும் வேகம் இன்னும் கூடும். நிலத்துப் போர் விமானத்தின் சக்கரக் கால்களை நொடிக்கு 3 மீட்டர் அளவுக்குத் தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். கப்பல் விமானத்துக்கு 6, 7 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டே கால் மடங்கானால் தாங்க வேண்டிய ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது.

அப்படியானால் கால் தடிக்க வேண்டும். கால் பொருந்தியிருக்கும் உடல் சட்டகமும் தடிக்க வேண்டும். கொக்கி வடத்தைப் பிடித்து இழுக்கும்போது அந்த விசை வாலிலிருந்து முதுகெலும்பு வழியாக மூக்கு வரை ஓடும்; அதற்கும் பலம் வேண்டும். பலம் என்றால் எடை. எடை கூடினால் மெதுவாக இறங்க முடியாது. இறக்கையைப் பெரிதாக்க வேண்டும். இறக்கை பெரிதானால், விமானத்தை மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்கும் லிஃப்ட்டுக்குள் போகாது, மடக்க வேண்டும். மடக்கும் கீல், அதை இயக்கும் பொறி, அதற்கும் எடை. இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும்.

நிஜ உதாரணங்கள் நிறைய உண்டு. அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தின் நில வகைக்கு இறக்கைப் பரப்பு 42.7 சதுர மீட்டர். கப்பல் வகைக்கு 62.1. பெயர் ஒன்றுதான், இறக்கையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பிரான்சின் ரஃபேல் விமானத்தின் கடற்படை வகை அதன் நில வகையைவிட ஏறக்குறைய 500 கிலோ கூடுதல் எடை கொண்டது. அங்கே தொடக்கத்திலிருந்தே இரண்டு வகைகளையும் மனதில் வைத்து வரைந்ததால்தான் அவ்வளவோடு நின்றது. 1975-இல் அமெரிக்க விமானப்படை ஒய்.எஃப்-16-ஐத் தேர்ந்தெடுத்தது, அதே போட்டியில் தோற்ற ஒய்.எஃப்-17-ஐ அடிப்படையாக வைத்துக் கடற்படை எஃப்/ஏ-18-ஐ உருவாக்கிக்கொண்டது. இரண்டு படைக்கும் ஒரே விமானம் என்றால் செலவு மிச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். கடல் அந்தச் சிக்கனத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

அதனால் நாங்கள் ஆலாவைக் கப்பலுக்கென்றே முதலில் வரைந்தோம். நிலத்திலிருந்தும் பறக்கும், அது அதன் இரண்டாவது வேலை. கப்பல் விமானத்தை நிலத்தில் பயன்படுத்தலாம், கொஞ்சம் எடையை வீணாகச் சுமக்கும், அவ்வளவுதான். நிலத்து விமானத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக நினைத்தால் பாதி விமானத்தைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆலாவின் அளவு, எடை எல்லாம் ஒரே இடத்தில் சொல்லுங்களேன்.

நீளம் 15.8 மீட்டர். இறக்கை விரித்தால் 11.2, மடித்தால் 7.6 மீட்டர். வெறும் எடை பதினொன்றரை டன். உள் தொட்டிகளில் 5 டன் எரிபொருள். இரண்டு என்ஜின்கள், பின்னெரிப்போடு (புகைவாய்ப் பக்கம் கூடுதல் எரிபொருளை எரிக்கும்போது) ஒவ்வொன்றும் 95 கிலோநியூட்டன் உந்துவிசை. கப்பலிலிருந்து எழும்பும்போது அதிகபட்சம் 20 டன், கப்பலில் இறங்கும்போது பதினைந்தரை டன். ஒருவர் அமரும் வகை, பயிற்சிக்கு இருவர் அமரும் வகை என இரண்டு.

அவ்வளவு சின்ன இடத்தில் 20 டன் எப்படி எழும்புகிறது?

முதலில் காற்று. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பட்டம் ஏற்றுகிற பிள்ளை காற்றை எதிர்த்துத்தான் ஓடும். காற்று பலமாக இருந்தால் ஓட வேண்டிய வேலையே இல்லை. கப்பலும் விமானத்தை ஏவுமுன் காற்றைப் பார்த்துத் திரும்பி முழு வேகத்தில் போகும். 25 நாட் வேகம் என்பது மணிக்கு 46 கிலோமீட்டர். காற்றே அசையாத நாளிலும், பிரேக் பிடித்து நிற்கும் ஆலாவின் இறக்கை மேல் 46 கிலோமீட்டர் வேகக் காற்று ஓடிக்கொண்டிருக்கும். இயற்கைக் காற்றும் சேர்ந்தால் அது லாபம்.

இரண்டாவது, மேல்தளத்தின் முனையில் இருக்கும் ஸ்கி-ஜம்ப் என்ற வளைந்த மேடு. பரவைக் கப்பலில் அதன் கோணம் 14 டிகிரி. விக்ராந்திலும் அதே அளவுதான். இது விமானத்தைத் தூக்கி எறிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மேடு விமானத்துக்குப் புதிதாக வேகம் எதையும் தருவதில்லை. இருக்கும் வேகத்தில் ஒரு பகுதியை மேல்நோக்கித் திருப்புகிறது. ஆலா 190 மீட்டர் ஓடி, கப்பல் தளத்திலிருந்து கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நொடிக்கு 13 மீட்டர் மேல்நோக்கிய வேகம். அந்தக் கணத்தில் இறக்கைக்கு விமானத்தை முழுவதும் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை. ஆனால் மேல்நோக்கிய வேகம் இருப்பதால் உடனே கடலில் விழாது. வளைவாக எழும்பிச் செல்லும் அந்தச் சில நொடிகளுக்குள் என்ஜின்கள் மிச்ச வேகத்தைச் சேர்த்துவிடும். மேடு வாங்கித்தருவது நேரம்தான்.

இந்த யோசனையைச் சொன்னவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக்ளஸ் டெய்லர். 1977-இல், நேரே கீழே இறங்கக்கூடிய ஹாரியர் விமானத்தை வைத்துத் தரையில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு ஹெர்மிஸ் கப்பலில் 12 டிகிரி மேடு வைத்தார்கள். அந்த ஹெர்மிஸ்தான் பிறகு நம்மிடம் வந்து ஐ.என்.எஸ். விராட் ஆனது.

பரவைக் கப்பலில் 110 மீட்டர் குட்டை ஓட்டமும் உண்டு. அதில் 20 டன் ஆலாவை அனுப்ப மாட்டோம். 17 டன் வரைதான். எடை குறைந்தால் அதே என்ஜின்கள் அதை வேகமாகத் தள்ளும், குறைந்த வேகத்திலேயே இறக்கை தாங்கவும் செய்யும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாளில் போட்டுப் பார்க்கலாம்: வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம். 20 டன்னுக்கு நொடிக்கு நொடி 8 மீட்டர், 17 டன்னுக்கு 10 மீட்டர் என்று முடுக்கம் வைத்துப் போடுங்கள்.

கேட்டபல்ட் வைத்தால் இன்னும் கனமாக ஏவலாமே?

ஏவலாம். கேட்டபல்ட் என்பது விமானத்தை இழுத்து வேகமாக முன்னால் வீசும் பொறி. நீராவி கேட்டபல்ட் 1950-களிலேயே பிரிட்டிஷ் கப்பல்களில் வந்துவிட்டது. 1961-இல் நம் கடற்படையில் சேர்ந்த பழைய விக்ராந்தில்கூட இருந்தது; 1971 போரில் சீ ஹாக், அலீசே விமானங்கள் அதிலிருந்துதான் வங்கக் கடலில் பறந்து சிட்டகாங், காக்ஸ் பஜார் இலக்குகளைத் தாக்கின. இன்று அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு, சீனாவின் ஃபூஜியான் கப்பல்களில் மின்காந்த கேட்டபல்ட் இருக்கிறது.

நீராவிக்குக் கொதிகலனும் நன்னீரும் வேண்டும். மின்காந்தத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் விடும் ஏற்பாடு வேண்டும். இரண்டையும் பராமரிக்கத் தனிப் படையே தேவை. மேடு என்பது உருக்கும் வளைவும் மட்டும், அது பழுதாகாது. ஒரே கப்பல் வைத்திருக்கும் நாட்டுக்குப் பழுதாகாத பொருள் பெரிய விஷயம். இதற்குப் பரவை கொடுக்கும் விலையும் உண்டு: ராடார் சுமந்து பறக்கும் கனமான கண்காணிப்பு விமானத்தை மேட்டிலிருந்து ஏவ முடியாது. அந்த வேலைக்கு ஹெலிகாப்டரை நம்ப வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டர் அவ்வளவு உயரம் போகாது, அவ்வளவு தூரம் பார்க்காது.

இறங்குவதுதான் கஷ்டம் என்கிறார்களே?

ஆமாம். ஆலா மணிக்கு 245 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கப்பல் அதே திசையில் 46 கிலோமீட்டரில் விலகிப் போகிறது. ஆக, தளத்தைத் தொடும்போது வேக வித்தியாசம் 200. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கப்பல் இப்படி நகர்வதால் மட்டும் நிறுத்த வேண்டிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மீதியை வடம் வாங்கிக்கொள்கிறது. தளத்தின் குறுக்கே மூன்று எஃகு வடங்கள். வாலில் தொங்கும் கொக்கி ஒன்றைப் பிடித்தால் போதும். 90 மீட்டருக்குள், சுமார் மூன்று நொடியில் விமானம் நிற்கும். அப்போது விமானியைப் பெல்ட் இழுக்கும் விசை அவர் எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு.

பிள்ளைகளை எப்போதும் வாய் பிளக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி என்ஜினை அணைப்பதில்லை. முழு உந்துவிசைக்குத் தள்ளுகிறார். கொக்கி எந்த வடத்தையும் பிடிக்காமல் போனால், தளத்தின் மிச்ச நீளத்தில் ஓடி மறுபடி எழும்ப அந்த விசை வேண்டும். பிடித்தது உறுதியான பிறகுதான் விசையைக் குறைப்பார். நிற்பதற்காக வருகிறவர் பறப்பதற்கும் தயாராக வர வேண்டும்.

அப்படி மறுபடி எழும்ப முன்னால் இடம் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இறங்கும் தளம் கப்பலின் நீளத்துக்குச் சாய்வாக இருக்கிறது. முன்பெல்லாம் நேர் தளம். முன்னால் விமானங்கள் வரிசையாக நிற்கும். வடத்தைத் தவறவிட்டவர் அவற்றின் மேல் மோதாமல் இருக்கத் தடுப்பு வலை கட்டுவார்கள். சாய்தளம் என்ற எளிய யோசனை 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. விமானிக்குச் சரிவு சரியா என்று காட்டும் ஒளி விளக்கு ஏற்பாடும் அதே காலத்தில் அங்கேயே பிறந்ததுதான். முதலில் கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஒளி, பிறகு லென்ஸ். இன்றும் விமானி கடைசிக் கணங்களில் பார்ப்பது அந்த ஒளிப் பொட்டு நடு வரிசையில் நிற்கிறதா என்பதைத்தான்.

கப்பலில் இறங்கிய முதல் விமானி அமெரிக்கரான யூஜின் ஈலி. 1911 ஜனவரி 18, சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, பென்சில்வேனியா என்ற போர்க்கப்பல். மரப்பலகை அடித்த தளத்தில் குறுக்கே கயிறுகள் கட்டி, இரண்டு முனையிலும் மணல் மூட்டைகள் வைத்திருந்தார்கள். கொக்கியால் வடத்தைப் பிடிப்பது என்ற தத்துவம் அன்று முதல் இன்று வரை மாறவில்லை.

குண்டு, ஏவுகணை எதையும் பயன்படுத்தாமல் திரும்பி வந்தால்?

நல்ல கேள்வி, இதைக் கேட்ட பையனைப் பரவையின் விமானப் பொறியாளர் ஆக்கிவிட்டோம். இறங்கும் எடை பதினைந்தரை டன். வெறும் எடை பதினொன்றரை போக மிச்சம் 4 டன். வடம் தவறினால் இன்னொரு சுற்று வர எரிபொருள் ஒன்றே முக்கால் டன் வேண்டும். ஆயுதங்களுக்கு இரண்டு டன் சொச்சம் கிடைக்கும். காவலுக்குப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்புவதுதான் அமைதிக் காலத்தில் தினசரி நடப்பது. ஒவ்வொரு முறையும் விலை உயர்ந்த ஏவுகணையைக் கடலில் கழற்றிவிட்டு இறங்கினால் எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. கப்பல் விமானத்தின் தரத்தை எவ்வளவு சுமந்துகொண்டு கிளம்புகிறது என்பதைவிட, எவ்வளவோடு திரும்பி இறங்க முடியும் என்பதை வைத்தே நான் பார்ப்பேன்.

ஏன் இரண்டு என்ஜின்? தேஜஸ் ஒரு என்ஜினில் கப்பலில் இறங்கியதே!

இறங்கியது. 2020 ஜனவரி 11 அன்று, நம் நாட்டில் செய்த தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வகை, விக்கிரமாதித்யா என்ற நம் இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலில் வடத்தைப் பிடித்து இறங்கியது. மறுநாள் மேட்டிலிருந்து எழும்பியது. 2023 பிப்ரவரியில் விக்ராந்திலும் இறங்கியது. அதற்கு முன்பு கோவாவில் தரையிலேயே மேடும் வடமும் கட்டி வைத்து ஆண்டுக் கணக்கில் பழகினார்கள். கடல் தளத்தில் இறங்கும் விமானத்தைச் சொந்தமாகச் செய்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நாம் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் 2016 டிசம்பரிலேயே கடற்படை சொல்லிவிட்டது: அந்த ஒற்றை என்ஜினின் பலத்துக்கு விமானம் கனம், போருக்குத் தேவையான எரிபொருளையும் ஆயுதத்தையும் சுமந்து கப்பலிலிருந்து எழும்ப முடியாது. கப்பலுக்காகச் சேர்த்த எடைதான் காரணம். அதனால்தான் இப்போது இரட்டை என்ஜின் கப்பல் விமானம் ஒன்றைத் தனியாக வடிவமைக்கிறார்கள். கடற்படைத் தேஜஸில் கற்றது அதற்கு அடித்தளம்.

ஒற்றை என்ஜின் கப்பலுக்கு ஆகவே ஆகாது என்று சொல்லிவிடக் கூடாது. பிரான்சின் சூப்பர் எத்தாந்தார் பல ஆண்டுகள் அப்படித்தான் பறந்தது. எஃப்-35-இன் கப்பல் வகைக்கும் ஒரே என்ஜின்தான், ஆனால் மிகப் பலமான என்ஜின். பரவைக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கிடைத்த நடுத்தர என்ஜின்கள் இரண்டு இருந்தால்தான் 20 டன்னை மேட்டில் ஏற்ற முடியும். நடுக்கடலில் ஒன்று நின்றாலும் மற்றொன்று வீட்டுக்குக் கொண்டுவரும் என்ற தெம்பு அதற்கு மேல் கிடைத்த லாபம்.

ஹாரியர் மாதிரி நேரே கீழே இறங்கினால் வடம், கொக்கி எல்லாம் வேண்டாமே?

நம் கடற்படையில் சீ ஹாரியர்கள் 1983 முதல் 2016 வரை இருந்தன. அருமையான விமானம். ஆனால் நேரே இறங்க வேண்டுமென்றால் அதன் மொத்த எடையையும் என்ஜின் ஒன்றே தாங்க வேண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும், என்ஜினின் பலமும் குறையும். பரவைத் தீவுகளை நாங்கள் வெப்ப மண்டலத்தில் வைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் சுமையைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

'பல்பணி' என்பது விளம்பர வார்த்தைதானே?

நிலத்துப் படைக்கு அப்படி இருக்கலாம். கப்பலில் அது கட்டாயம். பரவைக் கப்பலில் 18 ஆலாக்களுக்கு மேல் இடமில்லை. பதினெட்டும் ஒரே நேரத்தில் பறக்கும் நிலையில் இருக்காது. எப்போதும் ஐந்தாறு கீழ்த்தளத்தில் பராமரிப்பில் இருக்கும். கையில் 12. கப்பலைக் காக்க எந்நேரமும் இரண்டு வானில் இருக்க வேண்டும் என்றால், அவற்றை மாற்ற இரண்டு தளத்தில் தயாராக நிற்கும், இறங்கிய இரண்டு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும். ஆறு போய்விட்டது. மிச்சம் ஆறில் நான்கு எதிரிக் கப்பலைத் தேடிப் போகலாம். இரண்டு எரிபொருள் கொடுக்கப் போகும்.

ஆம், ஆலாவே ஆலாவுக்கு வானில் எரிபொருள் கொடுக்கும். மேட்டிலிருந்து முழுத் தொட்டியும் முழு ஆயுதமுமாக எழும்ப முடியாத குறையை இப்படித்தான் ஈடு செய்கிறோம்: ஆயுதத்தோடு கொஞ்சம் எரிபொருளை மட்டும் நிரப்பிக்கொண்டு எழும்பி, மேலே போய் மிச்சத்தை வாங்கிக்கொள்வது. ரஷ்யாவின் மிக்-29கே, ரஃபேல் கடற்படை வகை ஆகியவற்றிலும் இந்த வசதி உண்டு.

வான் சண்டைக்கு ஒரு வகை, குண்டு போட ஒரு வகை, உளவுக்கு ஒரு வகை என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறுதான் வரும். உதிரி பாகமும் மூன்று வகை, பழகிய ஆளும் மூன்று வகை. காலையில் காவல் போன விமானமே மதியம் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை தூக்க வேண்டும், சாயங்காலம் எரிபொருள் தொட்டி மாட்ட வேண்டும்.

ரஃபேலுக்கு இறக்கை மடங்காது என்கிறார்கள். ஆலாவுக்கு ஏன் மடக்க வேண்டும்?

ரஃபேல் கடற்படை வகையின் அகலம் 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மடங்காது. அது பிரான்சின் ஷார்ல் த கோல் கப்பலுக்கென வரைந்தது. பரவைக் கப்பலின் லிஃப்ட் அகலம் 10 மீட்டர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அதோடு, கீழ்த்தளத்தில் 18 விமானங்களை நெருக்கி நிறுத்த மடக்கு இறக்கை உதவும்.

ராடாரில் தெரியாத ஸ்டெல்த் விமானமா?

இல்லை. ஸ்டெல்த் விமானத்துக்கு ராடார் அலைகளை உறிஞ்சும் பூச்சு வேண்டும்; உப்புக் காற்றில் நிற்கும் விமானத்துக்கு அந்தப் பூச்சைப் பராமரிப்பது பரவையின் சக்திக்கு மீறியது. கடல் உப்பு அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. அதற்கே நன்னீரில் கழுவுவதும் பூச்சு பார்ப்பதும் ஓயாத வேலை.

என்ஜினும் பரவையே செய்ததா?

பிள்ளைகள் அப்படித்தான் எழுத ஆசைப்பட்டார்கள். அவர்களுக்குக் காவிரி என்ஜின் கதையைச் சொன்னேன். பெங்களூரில் 1980-களில் தொடங்கிய திட்டம். தேஜஸுக்காகத் தொடங்கியது, 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. உலோகமே உருகும் வெப்பத்தில் சுழலும் தகடுகளை, உள்ளுக்குள் காற்றோட்டம் விட்டு, ஒற்றைப் படிகமாக வார்க்கும் வித்தை சில நாடுகளிடமே இருக்கிறது. அவர்கள் யாருக்கும் எளிதில் சொல்லித்தருவதில்லை. இவ்வளவு பெரிய நம் நாடே படும் பாட்டைப் பார்த்த பிறகு, பரவை என்ஜினை வெளியிலிருந்து வாங்குகிறது என்று எழுதினோம். விற்கும் நாடு நாளை மறுத்தால் 18 விமானமும் தரையில் நிற்கும் என்பதையும் சேர்த்தே எழுதினோம். எங்கள் கதையின் அடுத்த பகுதி அந்த மிரட்டலில்தான் தொடங்குகிறது.

விலை?

ஆலாவுக்கு நாங்கள் விலை போடவில்லை. நிஜத்தில் ஓர் அளவு வேண்டுமானால்: 2025 ஏப்ரலில் நம் கடற்படைக்காக 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. 22 ஒருவர் அமர்வது, 4 இருவர் அமர்வது. ஆயுதம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 63,000 கோடி ரூபாய்.

நம்ம தலைக்கு மேல அடிக்கடி சத்தம் கேக்குதுங்களே, அது கடற்படை விமானமுங்களா?

கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2018 முதல் அங்கே தேஜஸ் படைப்பிரிவு உண்டு. வாளையாறு, வேலந்தாவளம் பக்கம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து அடையாளம் சொல்லும் முக்கோண இறக்கை விமானம் அதுதான். விமானப்படையின் நில வகை. கடற்படைப் போர் விமானங்களின் தரைத்தளம் கோவாவில் இருக்கிறது.

பிள்ளைங்களுக்குப் போர்க் கருவியைச் சொல்லிக் கொடுக்கறது சரிங்களா மாஷே?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இது ஆளைக் கொல்லும் கருவி என்பதை நான் எங்கும் மறைத்ததில்லை. பரவையின் கதையில் ஓர் ஆலா திரும்பி வரவில்லை. அந்த விமானியின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று பிள்ளைகள் இரண்டு வாரம் பேசினார்கள். எதிர்ப்பக்கக் கப்பலில் இருந்த மாலுமிகளுக்கும் பெயர் வைத்தார்கள். இன்னொரு பக்கம், இதே பிள்ளைகள் நியூட்டனின் விதிகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள். இப்போது யாரும் சொல்லாமலே எடையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள், அதுவும் தமிழில். மலையாளமும் ஆங்கிலமும் சூழ்ந்த இந்த ஊரில், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை பொறியியலைத் தன் மொழியில் வாதிடுவதைக் கேட்பது எனக்குப் பெரிது. மீன்பிடிப் படகோ, வெள்ள மீட்பு ஹெலிகாப்டரோ வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அடுத்து அதையும் வரைவோம். அந்த ஹெலிகாப்டருக்கான பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

நானும் ஆலா வரைய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

விமானத்திலிருந்து தொடங்காதீர்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்து, முதலில் லிஃப்ட்டை வரையுங்கள்: அகலம் 10, நீளம் 17. ஆலா அதற்குள் அடங்க வேண்டும், சுற்றிலும் ஆள் நடக்க அரை மீட்டர் இடம் விட்டு. அடுத்து சக்கரங்கள்: பின் சக்கரங்கள் இரண்டும் நன்றாக அகன்று நிற்கட்டும், கப்பல் சாயும்போது விமானம் கவிழக் கூடாது. மூக்குச் சக்கரத்தின் கால் தடியாக, இரட்டைச் சக்கரத்தோடு. பிறகு வாலுக்கடியில் கொக்கி. அது கீழே தொங்கும்போது பின் சக்கரங்களுக்குப் பின்னால் தளத்தைத் தொட வேண்டும், என்ஜின் புகைவாய்களில் இடிக்கக் கூடாது. இவ்வளவும் தாளில் பொருந்திய பிறகு இறக்கையை வரையுங்கள். மடிப்புக் கோடு பின் சக்கரங்களுக்கு வெளியே விழட்டும். விமானியின் கூண்டைக் கடைசியில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரமாக வையுங்கள். இறங்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும். அதைத் தாண்டி அவருக்கு அந்த ஒளிப் பொட்டு தெரிய வேண்டும். வரைந்ததை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். எடைக் கணக்கை உட்கார்ந்து சேர்ந்து போடலாம்.